மரத்தட்டுகளைப் பிணைக்கும் ஆணியும் திருகாணியும்

(கூட்டுறவுப் பண்டசாலைகளுக்கும் கிராம வாசகசாலைகளுக்கும் உபயோகமான ஒரு பாடம்)

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் நாட்டுப் பழமொழி. தேருக்கு மட்டுமன்று, மரத்தினாற் செய்யப்படும் எப்பொருளுக்கும் இம்மொழி பொருந்தும். பண்டசாலைக்குச் சாமான் அடுக்கு ஒன்று செய்விக்க எண்ணும் சங்கத்தார், எந்த மரம், என்ன விலை, எத்தனை தட்டு என்பவற்றைப் பலமுறை ஆலோசிக்கின்றனர். ஆனால் அத்தட்டுகளை ஒன்றோடொன்று பிணைப்பது எது என்று வினவுவார் மிகச் சிலரே. "ஆணிதானே, தச்சன் பார்த்துக்கொள்வான்" என்று விட்டுவிடுகின்றனர். மரத்தின் விலையோடு ஒப்பிட்டால் ஆணி, திருகாணிகளின் விலை மிகவும் சொற்பம். அடுக்கின் ஆயுளோ அச்சொற்பப் பொருளையே நம்பி நிற்கின்றது. ஆதலின் அதனைக் குறித்துச் சில விவரங்களை இங்கே முறைப்படி கூற முற்படுகின்றோம்.

1. பாரம் எவ்வளவு?

எதையும் தெரிந்தெடுக்குமுன் தட்டு தாங்கவேண்டிய பாரத்தைக் கணக்கிடல் வேண்டும். 15 கிலோ எண்ணெய் அடங்கிய டின் ஒன்று, டின்னின் எடையையும் சேர்த்து ஏறக்குறைய 16 கிலோ இருக்கும். 4 அடி நீளமுள்ள தட்டில் இத்தகைய டின்கள் 5 நிற்கும். ஆகவே ஒரு தட்டின் பாரம் 80 கிலோ. நான்கு தட்டுகளுக்கு 320 கிலோ. இது ஒரு வண்டிப் பாரத்தில் ஒரு நல்ல பங்காகும். புத்தகங்களும் கணக்குப் பேரேடுகளும் இலேசானவை என்று நினைப்பதும் தவறு. நெருக்கமாக அடுக்கிய புத்தகங்கள் தட்டின் ஓர் அடி நீளத்துக்கு 10 கிலோவுக்கு மேலும் எடையுள்ளவையாக இருக்கக்கூடும்.

தட்டின் நீளத்தையும் கவனிக்க வேண்டும். பாரமும் பலகையும் மாறாதிருக்க, தாங்கல்களுக்கு இடையேயுள்ள தூரம் மட்டும் இரட்டித்தால், பலகையின் தொய்வு 8 மடங்காகும். தூரம் மாறாமல் பலகையின் கனம் இரட்டித்தால், தொய்வு 8இல் ஒரு பங்காகக் குறையும். தொய்ந்த பலகை தன் இரு முனைகளிலும் உள்ள ஆணிகளை நெம்புகோல் போல் நெம்பிவிடும். ஆகவே 1 அங்குலக் கனமுள்ள பலகைக்கு 4 அடிக்கு மேற்பட்ட நீளம் வேண்டாம். மேற்படின் நடுவில் ஒரு தாங்கல் அமைத்தல் நலம்.

2. பிடியின் இயல்பு

பிணைப்புச் சாமான்கள் யாவும் ஒரே விதமாக வேலை செய்வன அல்ல. இந்த வேற்றுமையை அறிந்தவனே சரியானதைத் தெரிந்தெடுக்க வல்லவன்.

ஆணி: ஆணி மரத்தின் நார்களை விலக்கிக்கொண்டு உட்செல்கின்றது. விலக்கப்பட்ட நார்கள் மீண்டும் நெருங்க முயன்று அதை இறுக்குகின்றன. இந்த உராய்வே ஆணியின் பிடியாகும். எனவே ஆணியின் மீது குறுக்காக வரும் பாரத்தை அது நன்கு தாங்கும். அதன் நீளவாக்கில் இழுக்கும் இழுப்பை அவ்வளவாகத் தாங்காது. பச்சை மரத்தில் அடித்த ஆணி, அம்மரம் உலர்ந்த பின் தன் பிடியிற் பெரும்பகுதியை இழந்துவிடும்.

திருகாணி: இதன் மரைகள் நார்களுக்கிடையே வெட்டிச் சென்று அமர்கின்றன. ஆதலால் இழுப்பைத் தாங்கும் ஆற்றல் ஆணியைக் காட்டிலும் இதற்கு மிகுதி. வேண்டும்போது கழற்றவும், தளர்ந்தால் மீண்டும் இறுக்கவும் கூடும். முற்காலத்துத் திருகாணிகள் மழுங்கிய முனை உடையவை. முழு ஆழத்துக்கும் துளையிட்டே அவற்றை முடுக்க வேண்டியிருந்தது. கூர்முனையுள்ள திருகாணியை இயந்திரத்தாற் செய்யும் முறைக்கு 1846ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் தாமஸ் ஸ்லோன் என்பவர் காப்புரிமை பெற்றார். தலையில் நட்சத்திரம் போன்ற குறுக்குப் பள்ளமுடைய திருகாணி, 1936இல் ஹென்றி பிலிப்ஸ் பெற்ற காப்புரிமைகளுக்குப் பின் உலகெங்கும் பரவிற்று.

போல்ட்டு: இது இரு மரங்களையும் ஊடுருவி, மறுபுறத்தில் நட்டினால் இறுக்கப்படுவது. மரநாரின் பிடியை இது நம்பியிருப்பதன்று. மிகுந்த பாரம் தாங்கும் கால்களுக்கும் குறுக்குச் சட்டங்களுக்கும் இதுவே சிறந்தது. தலையின் கீழும் நட்டின் கீழும் அகன்ற வாஷர் இடாவிடில், இறுக்கும்போது இரும்பு மரத்துக்குள் புதைந்து பிடி தளரும்.

மூங்கில் ஆணி: கழுந்தும் துளையுமாகக் கோத்த மூட்டில், குறுக்கே துளையிட்டு உலர்ந்த மூங்கில் ஆணி இறக்குவது நம் தச்சர்களின் தொன்று தொட்ட வழக்கம். இதற்குத் துரு என்பதே இல்லை. கைத்திறன் மிக்க தச்சர் கிடைக்கும் ஊரில் இம்முறையைக் கைவிடுதல் அறிவீனம்.

3. முதல் விதி

இப்பாடம் முழுவதையும் ஒரே வாக்கியத்தில் அடக்கலாம். பாரம் மரத்தின்மேல் நிற்க வேண்டும். ஆணி அம்மரத்தை விலகாமற் பிடித்துக்கொள்ள வேண்டும். பாரத்தை ஆணியே சுமக்கும்படி விட்ட அடுக்கு, எவ்வளவு பருத்த ஆணியை உடையதாயினும் நம்பத்தக்கதன்று.

சாதாரணமாக நாம் காணும் அடுக்குகளில் இரு பக்கமும் நெடும்பலகை நிறுத்தி, அதன் வெளிப்புறத்திலிருந்து தட்டின் முனைக்குள் ஆணி அடித்துவிடுகின்றனர். இதில் இரண்டு குற்றங்கள் உள. முதலாவது, பாரம் முழுவதும் ஆணிகளின் மீதே தொங்குகின்றது. இரண்டாவது, ஆணி பலகையின் குறுக்கே செல்லாமல், நார் ஓடும் திசையிலேயே முனை வழியாகச் செல்கின்றது. ஒரு விறகுக் கட்டின் பக்கத்தில் குச்சியைச் செருகினால் கட்டு அதை இறுக்கும். கட்டின் முனையில், விறகுகளுக்கு இணையாகச் செருகினாலோ எளிதில் உருவிக்கொண்டு வரும். முனைநாரில் அடித்த ஆணியும் அத்தகையதே. திருகாணியும் முனைநாரில் தன் முழுப் பிடியைக் காட்டாது.

இதற்கு மாற்று மிகவும் எளிது. ஒவ்வொரு தட்டின் முனைக்கும் கீழே பக்கப்பலகையில் ஒரு ரீப்பர்த் துண்டை வைத்து, மூன்று திருகாணிகளால் முடுக்கிவிட வேண்டும். தட்டு அதன்மேல் அமர்ந்துகொள்ளும். திருகாணிகள் பக்கப்பலகையின் குறுக்கு நாரிற் செல்வதால் அவற்றின் முழுப் பலமும் கிட்டும். இதனினும் சிறந்தது, பக்கப்பலகையில் 2 அல்லது 3 நூல் ஆழத்துக்குக் காடி எடுத்துத் தட்டின் முனையை அதனுள் இறக்குவது. (ஓர் அங்குலத்துக்கு 8 நூல் என்பது தச்சர் கணக்கு.)

4. விழுந்த தட்டு கூறும் சாட்சி

நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு கிராமத்துப் பண்டசாலையில் மேல்தட்டு ஒன்று இரவில் விழுந்துவிட்டது. எண்ணெய் டின்கள் மூன்று உடைந்து, கீழிருந்த அரிசி மூட்டையும் பேரேடு ஒன்றும் எண்ணெயில் ஊறிப் போயின. குமாஸ்தா அளவுக்கு மிஞ்சி ஏற்றினார் என்று அங்கத்தினர் சிலரும், கணக்கை மறைக்கவே இவ்வாறு செய்தார் என்று வேறு சிலரும் கூறினர். நஷ்டத்தை அவர் சம்பளத்திற் பிடித்தம் செய்யவேண்டுமென்று தீர்மானமும் எழுதியாயிற்று. தரையிற் கிடந்த ஆணிகளை ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை.

அவற்றை எடுத்துப் பார்த்தபோது உண்மை விளங்கிற்று. எட்டு ஆணிகளில் ஒன்றேனும் வளையவுமில்லை, ஒடியவுமில்லை. பக்கப்பலகையில் ஊன்றி நேராக நின்றவை பாதி, உருவிக்கொண்டு விழுந்தவை பாதி. பாரம் மிகுந்து விழுந்திருப்பின் ஆணிகள் வளைந்திருக்கும். இவையோ பச்சை மாம்பலகையின் முனைநாரில் அடிக்கப்பட்டவை. மரம் உலர உலரப் பிடி தளர்ந்து, முனை சிறிது சிறிதாக நழுவி, ஒரு நாள் விடுபட்டது. குற்றம் ஏற்றியவர் மேலன்று, செய்வித்த முறையின் மேலது. தீர்மானம் ரத்தாயிற்று, நனைந்த பேரேடு ரசீதுகளைக்கொண்டு மீண்டும் எழுதப்பட்டது. எனினும் அந்நஷ்டம் அங்கத்தினர் யாவரின் பங்குத் தொகையிலிருந்தும் போன நஷ்டமே. சில திருகாணிகளில் மிச்சம் பிடித்ததன் பலன் இதுவாகும்.

ஆகவே தட்டு எங்கேனும் விழுந்தால், கூட்டிப் பெருக்குமுன் இந்நான்கையும் பார்த்தல் வேண்டும்.

(அ) ஆணி நேராக உருவி வந்திருந்தால், முனைநாரில் அடித்த குற்றம், அல்லது நீளம் போதாத குற்றம், அல்லது பச்சை மரம்.

(ஆ) ஆணி வளைந்தோ திருகாணி துண்டித்தோ இருந்தால், பாரத்துக்கு அதன் கனம் போதவில்லை.

(இ) மரம் நார்வழியே பிளந்திருந்தால், துளையிடாமலோ விளிம்புக்கு மிக அருகிலோ அடித்த குற்றம்.

(ஈ) ஆணியைச் சுற்றி மரம் கறுத்து உதிர்ந்திருந்தால், ஈரமும் துருவும் செய்த வேலை.

5. நீளமும் கனமும்

ஆணியின் நீளம், மேலே வைக்கும் பலகையின் கனத்தைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு இருத்தல் வேண்டும். முக்கால் அங்குலப் பலகைக்கு 2 அங்குல ஆணி சரியானது. திருகாணியின் நீளத்தில் பாதிக்குக் குறையாத பங்கு அடிமரத்துக்குள் செல்ல வேண்டும். இழுப்பு உள்ள இடமாயின் மூன்றில் இரண்டு பங்கு செல்வது உத்தமம்.

திருகாணியின் கனம் நம்பரால் வழங்கப்படும். 6ஆம் நம்பர் ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர், 8ஆம் நம்பர் 4.2 மில்லிமீட்டர், 10ஆம் நம்பர் 4.8 மில்லிமீட்டர் கனமுள்ளவை. நம்பர் உயர உயரக் கனமும் உயரும். சாமான் தட்டுகளுக்கு 8ஆம் நம்பருக்குக் குறைந்தது வேண்டாம். 6ஆம் நம்பரைக் கதவுக் கொக்கி முதலிய சிறு வேலைகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடைகளில் இக்காலத்தில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய கறுப்புத் திருகாணியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது ஜிப்சம் பலகையை முடுக்குவதற்கென்று செய்யப்பட்டது. கூர்மையும் கடினமும் உடையதாகையால் விரைவில் மரத்திற் புகும். ஆனால் குறுக்குப் பாரம் வந்தால் வளைந்து கொடுக்காமல் படீரென ஒடியும். வளையும் ஆணி முன்கூட்டியே எச்சரிக்கும். ஒடியும் திருகாணி எச்சரிக்காது. பாரத்தட்டுக்கு அது ஆகாது.

6. துளையிடும் முறை

திருகாணியைச் சுத்தியலால் அடித்து இறக்கிவிட்டுக் கடைசி இரண்டு சுற்று மட்டும் திருப்புளியால் முடுக்கும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. இங்ஙனம் செய்தால் மரைகள் நார்களை வெட்டி அமராமற் கிழித்துவிடுகின்றன. திருகாணி விலை கொடுத்து ஆணியின் பலனைக்கூடப் பெறாத வேலை இது.

சரியான முறையாவது: மேற்பலகையில் திருகாணியின் முழுத்தண்டும் தடையின்றிச் செல்லும் அளவுக்குத் துளையிட வேண்டும். அடிமரத்தில் அதனினும் சிறிய துளை வேண்டும். மரை நீங்கலாக நடுத்தண்டின் கனம் எவ்வளவோ, அதில் தேக்கு, கருவேலம் போன்ற உறுதியான மரத்துக்குப் பத்தில் 9 பங்கும், மென்மரத்துக்குப் பத்தில் 7 பங்கும் துளையின் அளவாகும். மேல்துளை சிறியதாயின் மரை மேற்பலகையிலும் பற்றிக்கொள்ளும். பலகைகள் இரண்டும் நெருங்காமல் இடைவெளி நின்றுவிடும். மரையில் சிறிது மெழுகு தடவினால் எளிதில் முடுக்கலாம். சோப்பு ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்குமாகையால் மெழுகே மேல்.

ஆணி அடிக்கும்போதும் சில குறிப்புகள் நினைவிற் கொள்ளத்தக்கவை. ஒரே நார் வரிசையில் பல ஆணிகளை அடிக்கலாகாது. சிறிது மாற்றி மாற்றி அடித்தால் மரம் பிளவாது. பலகையின் முனையிலிருந்து 1 அங்குலமாவது உள்ளே தள்ளி அடிக்க வேண்டும். ஆணியின் கூர்முனையைச் சுத்தியலால் இலேசாகத் தட்டி மழுக்கினால், அது நார்களைப் பிளவாமல் நசுக்கிக்கொண்டு செல்லும். இரண்டு ஆணிகளை எதிரெதிராகச் சாய்த்து அடித்தால் நேராக அடித்தவற்றைவிட அதிகப் பிடி கொடுக்கும். ஆணி மறுபுறம் வெளிவரும் இடத்தில் அம்முனையை மடக்கி அமுக்கிவிட்டால், அதை உருவுவது மிகவும் அரிதாகும்.

7. துருவும் ஈரமும்

உப்பு, புளி, உரம் ஆகியவை வைக்கும் தட்டிலும், கடற்கரைக் கிராமங்களிலும் வெற்று இரும்பு ஆணி நெடுநாள் நில்லாது. அங்கே துத்தநாகப் பூச்சுள்ளவற்றையோ, பித்தளையையோ, துருப்பிடியா எஃகையோ உபயோகிக்க வேண்டும். பித்தளை மென்மையானது, உறுதியான மரத்தில் முடுக்கும்போது தலை முறிந்துவிடக்கூடும். முதலில் அதே அளவுள்ள எஃகுத் திருகாணியை முடுக்கி வழியுண்டாக்கிக் கழற்றிவிட்டுப் பின்னர் பித்தளையை முடுக்குவது தச்சர் அறிந்த உபாயம். துவர்ப்புச் சத்து மிகுந்த மரங்களில் ஈரமும் இரும்பும் கலந்தால் கருங்கறை படர்ந்து, மரமும் ஆணியும் ஒருங்கே கெடும்.

8. ஆட்டமும் சாய்வும்

நான்கு சட்டங்களை நான்கு மூலையில் ஆணியாற் பிணைத்த சதுரத்தை ஒரு பக்கம் தள்ளினால் அது சாய்சதுரமாகிவிடும். மூன்று சட்டங்களாலான முக்கோணத்தை அவ்வாறு சாய்க்க இயலாது. எனவே அடுக்கின் முதுகில் மூலைக்கு மூலை குறுக்குச் சட்டங்கள் இரண்டைப் பெருக்கற்குறி போல் முடுக்க வேண்டும். இஃதில்லாத அடுக்கில் நாள்தோறும் நேரும் சிறு ஆட்டமே ஒவ்வோர் ஆணித்துளையையும் பெரிதாக்கிவிடும். ஆட்டத்தை நிறுத்தாமல் ஆணிகளை மட்டும் கூட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதை ஒக்கும்.

9. சுவரிற் பொருத்தும் தட்டு

சுவரில் எல் ஆங்கிள் பொருத்தித் தட்டு அமைக்கும்போது, மேல் திருகாணி சுவரிலிருந்து வெளியே இழுக்கப்படுகின்றது. அவ்விழுப்பை எளிதிற் கணக்கிடலாம். தட்டின் அகலம் 12 அங்குலம், பாரம் 40 கிலோ என்க. பாரம் சராசரியில் சுவரிலிருந்து 6 அங்குலத் தூரத்தில் உள்ளது. மேல் திருகாணி ஆங்கிளின் கீழ்முனையிலிருந்து 8 அங்குல உயரத்தில் இருப்பின், இழுப்பு 40ஐ 6ஆற் பெருக்கி 8ஆல் வகுத்த 30 கிலோ ஆகும். ஆங்கிள் இரண்டாயின் ஒவ்வொன்றுக்கும் 15 கிலோ. அவ்வுயரம் 12 அங்குலமாயின் மொத்த இழுப்பு 20 கிலோவாகக் குறையும். ஆகையால் ஆங்கிளின் நீண்ட கையைச் சுவர்ப்பக்கம் வைத்தலே முறை.

செங்கற் சுவரில், கல்லிடைச் சாந்தில் துளையிடாமற் செங்கல்லிலேயே துளையிட்டு, அதற்குரிய பிளாஸ்டிக் உறையை இறக்கித் திருகாணியை முடுக்க வேண்டும். மண்சுவரில் பாரத்தட்டு தொங்கவிடுதல் கூடவே கூடாது. தரையில் நிற்கும் அடுக்கே அதற்குரியது.

10. ஒரு மாதிரி அடுக்கு

மேற்கூறியவற்றை ஒன்றுகூட்டி, சிறு பண்டசாலைக்கு ஏற்ற அடுக்கு ஒன்றைக் கூறுவோம். உயரம் ஐந்தரை அடி, நீளம் 4 அடி, அகலம் 14 அங்குலம், தட்டுகள் 4. இரண்டரை அங்குலச் சதுரக் கால்கள் 4. ஒவ்வொரு தட்டுக்கும் இரு பக்கத்திலும், முன்காலையும் பின்காலையும் இணைத்து 2 அங்குலச் சதுரச் சட்டம் ஒவ்வொன்று. கால்களின் உட்புறத்தில் அரை அங்குல ஆழத்துக்குக் காடி எடுத்துச் சட்டத்தை அதனுள் அமர்த்தி, ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு போல்ட்டு இறக்க வேண்டும். காலும் சட்டமும் சேர்ந்து நான்கரை அங்குலம்; காடி அரை அங்குலம் போக 4 அங்குலம். வாஷருக்கும் நட்டுக்கும் அரை அங்குலம் கூட்டினால், நான்கரை அங்குல நீளமும் இரண்டரை நூல் கனமும் உள்ள போல்ட்டு வேண்டும். 80 கிலோ பாரம் நான்கு சந்திப்புகளுக்கும் பகிரப்பட்டு ஒன்றுக்கு 20 கிலோவே வரும். அதையும் காடியே முதலில் தாங்கும்.

ஒவ்வொரு தட்டுக்கும் 1 அங்குலக் கனமும் ஏறக்குறைய 7 அங்குல அகலமும் உள்ள பலகைகள் இரண்டு. மழைக்காலத்தில் மரம் பூரிக்குமாதலால் இடையே ஒரு நூல் இடைவெளி விட வேண்டும். பலகை ஒன்றுக்கு முனைக்கு 2 வீதம் திருகாணிகள் 4. முதுகில் 2, பக்கங்களில் ஒவ்வொன்று ஆக 4 குறுக்குச் சட்டங்கள். முனைக்கு 2 திருகாணி வீதம். வாங்கவேண்டிய சாமான் பின்வருமாறு:

போல்ட்டும் நட்டும், நான்கரை அங்குலம்: 16
வாஷர்: 32
8ஆம் நம்பர் திருகாணி, 2 அங்குலம், தட்டுகளுக்கு: 32
மேற்படி, குறுக்குச் சட்டங்களுக்கு: 16
மேல்பகுதியைச் சுவரோடு பிடிக்கும் சிறு எல் ஆங்கிள்: 2

கடைசியாகக் கூறிய இரண்டையும் வீண் செலவென்று விடலாகாது. உயரம் மிகுந்து அகலம் குறைந்த அடுக்கு, சிறுவர் ஒருவர் ஏறிப் பற்றினாலும் முன்னே கவிழக்கூடும். மண்சுவராயின் மேலேயுள்ள உத்தரத்தோடு பிடித்துக்கொள்ளலாம். பாரமுள்ள சாமான்களை எப்பொழுதும் கீழ்த்தட்டிலேயே வைத்தல் நலம்.

அடுக்கு செய்து ஆறு மாதம் ஆனபின், மரம் உலர்ந்து சுருங்கியிருக்கும். அப்போது நட்டுகள் யாவற்றையும் ஒருமுறை இறுக்க வேண்டும். பின்னர் ஆண்டுக்கொரு முறை, இருப்புக் கணக்கு எடுக்கும் நாளிலேயே இவ்வேலையையும் செய்துவிடலாம். அன்று தட்டுகள் எப்படியும் காலியாகும்.

துரப்பணம், திருப்புளி, மூலைமட்டம், ரசமட்டம் ஆகியவற்றை அங்கத்தினர் ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குவது இயலாது. சங்கம் ஒரு பெட்டி வாங்கி வைத்து, கையொப்பம் பெற்று இரவல் கொடுத்தால் ஊர் முழுவதும் பயன்பெறும். சங்கத்தின் அடுக்கு உறுதியாக நின்றால், அதைப் பார்த்து வீடுகளிலும் அவ்வாறே செய்வார்கள். பொதுப்பணத்தில் வாங்கிய பொருளைக் கீழே விழாமற் காப்பது, அப்பணத்தைச் சேர்த்ததற்கு ஒப்பான கடமையாம். அடுத்த முறை தச்சர் வரும்போது, மரத்தின் விலையைக் கேட்குமுன், "எதனால் பிணைக்கப் போகின்றீர்?" என்று கேட்பீர்களாக.